மூன்று நாள் விடுமுறையில் ஓய்வு யாருக்கு?

டிசம்பர் மாதக் கடைசியில் புது நாட்காட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நாம் முதலில் தேடுவது முகூர்த்த நாள்களை அன்று, சிவப்பு எழுத்துகளை. அவை எந்தக் கிழமையில் விழுந்திருக்கின்றன என்று விரல் வைத்துப் பார்க்கிறோம். 2025 இல் காந்தி ஜயந்தியும் விஜயதசமியும் அக்டோபர் 2 ஆம் நாளிலேயே சேர்ந்து வந்தபோது, இரண்டு விடுமுறை ஒன்றாய்ச் சுருங்கிவிட்டதே என்று அலுவலகங்களில் பெருமூச்சு எழுந்தது. 2026 இல் குடியரசு நாள் திங்கட்கிழமையில் அமைந்தது. அதற்கு முன்னே ஞாயிறு. அதற்கும் முன்னே ஜனவரி 24, மாதத்தின் நான்காம் சனிக்கிழமை. ஆகவே வங்கிகளுக்கும் தொடர்ந்து மூன்று நாள். சுதந்திர நாளோ இவ்வாண்டு சனிக்கிழமையில் வருகிறது. வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்யும் கணினித் துறையினர் ஒரு விடுமுறை வீணாயிற்று என்பர். வங்கி ஊழியருக்கு அது மூன்றாம் சனிக்கிழமை, வழக்கமாக வேலைநாள், ஆகவே ஆதாயம். கூட்டுவட்டிக் கணக்கில் தடுமாறுவோரும் இந்தக் கணக்கில் தடுமாறுவதில்லை.

இவ்வளவு கவனமாக எண்ணிவைத்த நாள்கள் வந்து போனபின், மறுநாள் காலையில் நம் முகங்கள் ஓய்வெடுத்துத் திரும்பியவர்களின் முகங்களாகத் தோன்றுவதில்லை. 'விடுமுறை எப்படிப் போயிற்று?' என்று கேட்டால், 'எப்படியோ போயிற்று' என்பதே பெரும்பாலும் விடை. அந்த நாள்கள் எங்கே போகின்றன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

மும்பைப் புறநகரான டோம்பிவிலியில் நாம் நன்கறிந்த ஒரு தமிழ்க் குடும்பம் உண்டு. கணவர் தனியார் நிறுவனம் ஒன்றில் நடுநிலை அதிகாரி. மனைவி பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இருவர், கணவரின் தாயார் உடன் இருக்கிறார். கணவர் காலை ஏழரை மணிக்கு மின்ரயில் பிடித்தால் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகும். கடந்த குடியரசு நாளை ஒட்டிய மூன்று நாள்களை அவர்கள் எவ்வாறு கழித்தார்கள் என்பதைக் கேட்டறிந்தோம்.

சனிக்கிழமை முழுவதும் பரணைக் காலி செய்து துடைத்தார்கள். திரைச்சீலைகளும் மெத்தை உறைகளும் சலவைக்குப் போயின. வாரத்துக்கு வேண்டிய மாவு அரைத்தாயிற்று. மாலையில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் செலவைப் பற்றி இரண்டு மணி நேரம் வாதம். ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் உறவினர் வீட்டு சஷ்டியப்த பூர்த்தி. ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக 'மெகா பிளாக்' என்று ரயில்களைக் குறைப்பது மும்பை வழக்கம். போக வர நான்கு மணி நேரம் நின்றுகொண்டே கழிந்தது. திங்கட்கிழமை காலை கொடியேற்றத்துக்கு ஆசிரியை பள்ளிக்குச் சென்றாக வேண்டும். அவருக்கு அது விடுமுறையே அன்று. கணவர் குடியிருப்பு வளாகத்துக் கொடியேற்றத்துக்குப் போய், ஜிலேபிப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக் கூட்டத்துக்கு முந்தைய காலாண்டின் கணக்கு வேறு வடிவில் வேண்டுமாம். அவர் மடிக்கணினியை மூடியபோது மாலை நான்கு மணி. அதன்பின் மறுநாளுக்கான சட்டைகளுக்கு இஸ்திரி. இரவுச் சாப்பாட்டின்போது தாயார், "மூணு நாள் லீவுன்னு சொன்னியேடா, எங்கிட்ட வந்து பத்து நிமிஷம் உக்காரலையே" என்றாராம். குற்றமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார் என்றார் மகன். சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாக இல்லை.

இதில் யாரும் சோம்பலாக இருக்கவில்லை. யாரும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் இல்லை. நாட்டில் பல்லாயிரம் வீடுகளில் இதுவே நடக்கிறது. ஐந்தாறு நாள் செய்யாமல் ஒதுக்கிவைத்த வேலைகள் அனைத்தும் விடுமுறை நாளைப் பார்த்து ஓடிவருகின்றன. மாதக் கடைசியில் எல்லாக் கடன்காரரும் ஒரே நாளில் வாசலுக்கு வந்தால் வீட்டின் நிலை என்னவாகுமோ, அதுதான் இந்த மூன்று நாள்களின் நிலையும்.

வார விடுமுறை என்பது காலங்காலமாக இருந்துவருவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. நம் நாட்டு ஆலைத் தொழிலாளிக்கு அது கிடைத்து ஏறத்தாழ 135 ஆண்டுகளே ஆகின்றன. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகண்டேயின் தலைமையில் 1884 இல் கூடி, வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும் என்று கேட்டார்கள். 1890 ஜூன் மாதத்தில் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தார்கள்; மறு ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைத் தொழிலாளர் அனைவருக்கும் உரியதாக்கிற்று. 2005 இல் லோகண்டேயின் நினைவாக அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அந்த ஆலைகளில் பல நின்ற லோயர் பரேல் பகுதியில் இன்று கண்ணாடி போர்த்திய அலுவலக மாளிகைகள் எழுந்துள்ளன. நாம் மேலே சொன்ன டோம்பிவிலிக்காரர் வேலை செய்வதும் அவற்றுள் ஒன்றில்தான். அன்றைய நெசவாளியின் வேலை கடுமையானது, கூலி குறைவு. ஆயினும் சங்கு ஊதி ஆலை மூடிய பின் தறி அவன் பின்னாலேயே வீட்டுக்கு வரவில்லை. இன்று வருகிறது, சட்டைப் பையில்.

இதற்குக் கைப்பேசியைக் குறை கூறிப் பயனில்லை. விடுமுறை நாளில் வரும் செய்திகளை எடுத்துப் பார்த்தால், உண்மையிலேயே அன்றே செய்தாக வேண்டியவை மிகச் சிலவாகத்தான் இருக்கும். மேலதிகாரிக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது; மறந்துபோகுமுன் அனுப்பிவிடுகிறார். அவர் மனப்பாரம் இறங்கிவிடுகிறது. அது நம் தலையில் ஏறுகிறது. இன்றைய மின்னஞ்சல் ஏற்பாடுகளில், இப்போது எழுதிய கடிதம் மறு வேலைநாள் காலை ஒன்பது மணிக்குச் சென்றடையும்படி வைத்துவிட வசதி உண்டு. அதைப் பயன்படுத்தும் அதிகாரி தம் கீழ் உள்ளவர்களுக்குச் செய்யும் உதவி சிறியதன்று.

பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 முதலும், வேலை நேரத்துக்கு வெளியே அலுவலகத் தொடர்பை மறுக்கும் உரிமைக்குச் சட்டத்தில் இடம் தரப்பட்டுள்ளது. நம் மக்களவையிலும் இதே கருத்துடைய தனிநபர் மசோதா 2018 இல் கொண்டுவரப்பட்டது, சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை இளைய ஊழியர் ஒருவரிடம் 'கைப்பேசியை அணைத்து வையுங்கள்' என்று அறிவுரை கூறுவது எளிது. அடுத்த பதவி உயர்வுப் பட்டியலை எண்ணும் அவருக்கு அது எளிதன்று. ஆகவே இந்தக் கோரிக்கையை நாம் மேலே அமர்ந்திருப்பவர்களிடமே வைக்கிறோம். இவ்விதழின் வாசகர்களில் அத்தகையோர் பலர் உண்டு.

'நான் இல்லாவிட்டால் அலுவலகமே நின்றுவிடும்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோரை எல்லா அலுவலகங்களிலும் காணலாம். ஆண்டு முழுவதும் விடுப்பு எடுக்காதவரைப் பாராட்டும் வழக்கமும் நம்மிடம் உண்டு. இவ்விஷயத்தில் வங்கித் துறை நேர்மாறான ஒரு வழியைப் பின்பற்றுகிறது. வாடிக்கையாளர்களில் பலர் இதை அறிந்திருக்க மாட்டார்கள். கருவூலப் பிரிவு, பணப் பெட்டகம் போன்ற நுட்பமான பொறுப்புகளில் இருப்போரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு எதுவுமின்றி, தொடர்ச்சியாக 10 வேலைநாள்களுக்குக் குறையாமல் விடுப்பில் அனுப்பியே தீர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021 ஜூலையில் வெளியான அறிவுறுத்தலின்படி, அந்த நாள்களில் அவர் தம் பணிக்குரிய ஆவணங்களையோ கணினி அமைப்புகளையோ அணுகக் கூடாது. அலுவலக மின்னஞ்சலுக்கு மட்டுமே விலக்கு.

இந்த விதி ஊழியரின் உடல்நலத்தைக் கருதி வகுக்கப்பட்டதன்று. முறைகேட்டைத் தடுப்பதே அதன் நோக்கம். ஒரு மேசையில் ஒருவரே ஆண்டு முழுவதும் அமர்ந்திருந்தால், அங்கு என்ன நடக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வேறொருவர் பத்து நாள் அமர்ந்து பார்த்தால் மறைந்திருப்பது வெளிப்படும். நேர்மையான ஊழியர் விஷயத்திலும் இதனால் நன்மையே. அவர் இல்லாத நாள்களிலும் வேலை நடக்க வேண்டுமாதலால் அதை எழுதிவைக்க நேர்கிறது. மற்றொருவர் கற்றுக்கொள்ள நேர்கிறது. விடுப்பே எடுக்க முடியாத ஊழியர் ஒரு நிறுவனத்தில் இருக்கிறார் என்றால், அது அவருடைய பெருமைக்குச் சான்று என்பதைவிட அந்நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஓட்டை இருக்கிறது என்பதற்கே சான்று என்று நாம் கொள்கிறோம். வங்கிகள் இதை ஆபத்து என்றே கணக்கில் எழுதுகின்றன. பிற நிறுவனங்கள் அதே நிலையை அர்ப்பணிப்பு என்று பாராட்டிக்கொண்டிருப்பது நமக்கு விந்தையாகவே படுகிறது.

இனி இந்த அளவுகோலை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம்.

சமையல் எரிவாயு உருளை எந்தக் கைப்பேசி எண்ணிலிருந்து பதிவாகிறது, பால்காரர் கணக்கில் எத்தனை நாள் கழித்துக்கொள்ள வேண்டும், மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரை காலையிலா இரவிலா, இளையவனின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, இட்லிக்கு எத்தனைக்கு எத்தனை அரிசியும் உளுந்தும்: இவை அனைத்தும் பல வீடுகளில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு முன்னறிவிப்பின்றிப் பத்து நாள் விடுப்பு அளித்தால் வீடு என்னவாகும்? பத்து நாள் வேண்டாம், ஒரு ஞாயிறு?

மத்திய அரசின் 2024 ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு செய்தியைச் சொல்கிறது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 88 நிமிடம். 2019 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவை முறையே 299, 97 நிமிடங்களாக இருந்தன. ஐந்தாண்டில் இருவருக்குமே வேலை சற்றுக் குறைந்திருக்கிறது. இடைவெளி ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. விடுமுறை நாளில் அது மேலும் விரியவே செய்யும் என்பது நம் ஊகம். எல்லாரும் வீட்டில் இருந்தால் காப்பி இரண்டு வேளைக்கு நான்கு வேளையாகும். 'இன்று லீவுதானே, ஏதாவது விசேஷமாகச் செய்யேன்' என்ற வேண்டுகோள் அன்போடுதான் எழுகிறது. அடுப்பின் முன் நிற்பவருக்கு அந்த அன்பு இரண்டு மணி நேர வேலை. வீட்டுவேலைக்கு வரும் பெண்மணியின் நிலையையும் இங்கு மறக்கலாகாது. விருந்தினர் வரும் நாளில் அவருக்குப் பாத்திரம் இரட்டிப்பு; 26 ஆம் தேதி அவருக்கும் குடியரசு நாள்தான் என்பது எத்தனை வீடுகளில் நினைவுக்கு வருகிறது? மூன்று நாள் தொடர் விடுமுறையில் அவருக்கு ஒரு நாளேனும் சம்பளத்தோடு விடுப்பு அளிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

மறுபுறமும் உண்டு. வைப்புத்தொகை எந்தக் கிளையில் எப்போது முதிர்கிறது, காப்பீட்டுப் பத்திரம் எந்தக் கோப்பில் இருக்கிறது, பெட்டகச் சாவி எங்கே என்பதெல்லாம் கணவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும் வீடுகளும் பல. திடீரென்று அவர் மருத்துவமனையில் படுத்தால் மனைவி எந்தக் கதவைத் தட்டுவது? கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும்படி நாம் சொல்லவில்லை, அது கூடாது. எங்கே என்ன இருக்கிறது என்பதைப் பகிரலாம். வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனதாரராகக் குறிக்க 2025 நவம்பர் 1 முதல் வங்கிச் சட்டம் இடம் தருகிறது. அந்த நான்கு பெயர்களைப் பற்றிக் குடும்பம் ஒன்றாக அமர்ந்து பேசுவதற்கு விடுமுறைப் பிற்பகல் ஒன்று பொருத்தமான நேரம்.

வேலைகளைக் குவிக்காமல் இருப்பதற்கு இன்றைய வசதிகளும் கைகொடுக்கின்றன. ஒரு காலத்தில் பணம் அனுப்பவும் தவணை கட்டவும் அரைநாள் விடுப்பு எழுத வேண்டியிருந்தது. 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் முறையும், 2020 டிசம்பர் முதல் ஆர்டிஜிஎஸ் முறையும் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகின்றன. ஓய்வூதியர்கள் நவம்பர் மாத உயிர்வாழ்வுச் சான்றைக் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அளித்துவிடலாம். வசதிக்கு மறுபக்கமும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 1 முதல் கடன் தவணைகளும் தவணை முதலீடுகளும் விடுமுறை நாளிலேயே கணக்கிலிருந்து பிடிக்கப்படலாம். ஞாயிற்றுக்கிழமை தேதி வந்தால் திங்கட்கிழமை பணம் போட்டுக்கொள்ளலாம் என்ற பழைய எண்ணம் இப்போது செல்லாது. நீண்ட விடுமுறைக்குமுன் வெள்ளிக்கிழமையே இருப்பைச் சரிபார்த்துவிட்டால், உல்லாசப் பயணத்தின் நடுவே அபராதச் செய்தி வந்து சேராது.

விடுப்பைச் சேர்த்துவைப்பது பற்றியும் ஒரு சொல். உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் ஊதியத்தோடு விடுப்பு என்ற கணக்கை 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதையே தொடர்கிறது. அந்த விடுப்பைப் பலர் எடுப்பதேயில்லை. ஓய்வுபெறும்போது காசாக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கிறார்கள். அரசு சாராத ஊழியர்களுக்கு விடுப்புக்கு ஈடாகக் கிடைக்கும் தொகையில் வரிவிலக்கு வரம்பு 2002 முதல் 3 லட்சம் ரூபாயாகவே இருந்தது. 2023 இல் அது 25 லட்சமாக உயர்ந்தது. சேமிப்பை ஊக்குவிக்கும் இதழில், விடுப்பைச் சேமிக்காதீர்கள் என்று எழுத நாம் முன்வரவில்லை. மகளின் பிரசவம், பெற்றோரின் சிகிச்சை என்று ஒரு பகுதி கையிருப்பில் இருக்கத்தான் வேண்டும். ஆயினும் எட்டு வயதுப் பிள்ளையோடு கழிக்க வேண்டிய ஒரு வாரத்தை அவனுடைய முப்பதாம் வயதில் காசாக வாங்கிக்கொள்வது எந்த வகை முதலீடு என்று கேட்கத் தோன்றுகிறது.

வெளியூர் போய்விட்டால் ஓய்வு கிடைத்துவிடும் என்பது மற்றொரு நம்பிக்கை. மூன்று நாள் விடுமுறை வந்தால் மும்பையும் புனேயும் ஒரே நேரத்தில் லோனாவலாவை நோக்கிக் கிளம்புகின்றன. கண்டாலா மலைச்சாலையில் வண்டிகள் நின்றே கிடக்கின்றன. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டம் மிகுந்ததால் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் இல்லாமல் செல்ல முடியாது என்றாயிற்று. மலையைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எல்லாரும் போகும் மூன்று நாளில் போவதைவிட, சேர்த்துவைத்த விடுப்பில் இரண்டு நாளை எடுத்து யாரும் போகாத ஒரு புதன்கிழமையில் போவது செலவிலும் களைப்பிலும் குறைவு. அப்படிச் செய்தால் தொடர் விடுமுறையை வீட்டுக்கென்று வைத்துக்கொள்ள முடிகிறது.

அடுத்து நம் கண்ணில் படும் நல்ல விடுமுறை அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை. மறுநாள் மாதத்தின் முதல் சனிக்கிழமை, வங்கிகள் திறந்திருக்கும்; வங்கி ஊழியர் வீட்டில் அந்த ஒரு நாளுக்கு விடுப்பு எழுதியாக வேண்டும், அதை இப்போதே எழுதிக்கொடுத்துவிடலாம். ஊருக்குப் போவோர்க்கு ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னர்தான் தொடங்கும். வியாழன் இரவே கிளம்பும் ரயிலுக்கு ஆகஸ்ட் 2, ஞாயிறு காலை எட்டு மணி. அதற்கு முந்தைய நாள் இரவு, போவதா இருப்பதா என்று வீட்டில் பேச்சு எழும். இருப்பது என்று முடிவானால், அந்த மூன்று நாளில் அடுப்படி எந்தெந்த நாள் யாருடையது என்பதையும் அப்போதே பேசி, நாட்காட்டியில் அந்தச் சிவப்புத் தேதிக்குக் கீழே பெயரோடு எழுதிவைக்கலாம்.